முதல்ல பாட்டு, அப்புறம் கட்டம்: இசை மென்பொருள்ல இன்னும் என்ன வேணும்?

உச்சிப்புளி வாசகர் கேட்டது, 3 ஆகஸ்ட் 2025, காலை

ரெக்கார்டிங் மென்பொருள், சுரம் எழுதுற மென்பொருள் ரெண்டுலயும் எல்லா வசதியும் வந்தாச்சு. நம்ம ஆளுங்க ஒழுங்கா கத்துக்காம குறை மட்டும் சொல்றாங்கன்னு நினைக்கிறேன். அண்ணே, நீங்க தங்கச்சிமடத்துல இத்தனை காலமா ரெக்கார்டிங் பண்றீங்க. உங்களுக்கு உண்மையிலேயே ஏதாவது குறையா இருக்கா?

3 ஆகஸ்ட், இரவு

இருக்கு தம்பி. கத்துக்காததால வர்ற குறை இல்லை.

புது ப்ராஜெக்ட் திறந்ததும் மென்பொருள் என்ன கேக்குதுன்னு பாருங்க. நிமிஷத்துக்கு எத்தனை தட்டு (அதாவது டெம்போ), ஒரு கட்டத்துக்கு எத்தனை எண்ணிக்கை, எந்த ஸ்கேல். பாட்டை அது இன்னும் கேக்கவே இல்லை. சீரா ‘டிக் டிக்’னு தட்டுற கிளிக் ட்ராக்கைக் காதுல மாட்டிட்டுப் பாடுற பாட்டுக்கு இந்த வரிசை சரி. தனுஷ்கோடிப் பக்கம் கரைவலை இழுக்கிறவங்க பாடுற அம்பாப் பாட்டுக்கு இந்த மூணு கேள்வியில ஒண்ணுக்கும் முன்கூட்டியே பதில் கிடையாது.

ஒருத்தர் அடி எடுத்துக் குடுப்பார். கயித்துல கை வச்சிருக்கிற எல்லாரும் ‘ஏலேலோ’ன்னு வாங்குவாங்க. அலை கரைப்பக்கம் தள்ளும்போது இழுப்பு லேசாயிடும், ‘ஏலேலோ’ குறுகிடும். அலை திரும்பும்போது கயிறு விறைக்கும், குதிகால் மணல்ல புதையும், அந்தக் கடைசி ‘லோ’ நீண்டுக்கிட்டே போகும். எவ்வளவு நீளும்னு பாடுறவங்களுக்கே தெரியாது, கயிறு இளகுற வரைக்கும் நீளும். இதைக் கொண்டுவந்து மென்பொருள் சம இடைவெளியில கோடு போட்டு வச்சிருக்கிற கட்டத்துல போட்டா ஒவ்வொரு வரியும் கோட்டுக்கு முன்னாலயோ பின்னாலயோ விழும். குவாண்டைஸ் பண்ணினா, அதாவது குரலைக் கோட்டுக்கு இழுத்து ஒட்டினா, எல்லா ‘லோ’வும் ஒரே நீளம் ஆயிடும். அப்புறம் அதுல இழுப்பு இருக்காது, அலை இருக்காது. வார்த்தை மட்டும் மிஞ்சும்.

எனக்கு வேண்டியது இதுதான். டெம்போ கேக்காம மென்பொருள் திறக்கணும், நான் முதல்ல ரெக்கார்ட் பண்ணணும். பிறகு அதை ஓடவிட்டு, நான் கையால தாளம் போட்ட இடத்துலெல்லாம் கட்டக்கோடு விழணும். ஒரு கட்டம் குட்டையாவும் அடுத்தது நெட்டையாவும் இருந்தா அது தப்புன்னு மென்பொருள் நினைக்கக் கூடாது.

4 ஆகஸ்ட்

மண்டபத்துல இருந்து ஒருத்தர், இதெல்லாம் ஏற்கெனவே வந்தாச்சுன்னு எழுதியிருக்கார். லாஜிக்ங்கிற ரெக்கார்டிங் மென்பொருள்ல, பாடின வேகத்தைத் தானே கண்டுபிடிக்கிற ஸ்மார்ட் டெம்போ 2018லயே வந்தது. அதே மாதிரி ரீப்பர்ல வேகம் மாறுற இடத்துல டெம்போ மார்க்கர் போடலாம், ஏபிள்டன்ல ஒலியை நீட்டிக் குறுக்குற வார்ப் இருக்கு. உண்மைதான். லாஜிக் ஆப்பிளோட மேக், ஐபேட்ல மட்டும்தான் ஓடும், அதனால அது என் மேசைக்கு வரலை. மார்க்கர் வேலையை நான் கையால செஞ்சிட்டுத்தான் இருக்கேன்.

ஆனா இந்த வசதியெல்லாம் ஒலிப்பக்கத்துல இருக்கு. எழுத்துப்பக்கம் போனதும் அறுந்துபோகுது. கடல் எப்படி இழுத்ததோ அப்படி மார்க்கர் போட்டு, மிடியா (எந்தச் சுரம், எப்போ, எவ்வளவு நேரம்னு மட்டும் சொல்ற கோப்பா) மாத்தி, சுரம் எழுதுற மென்பொருளுக்குள்ள கொண்டுபோனா, அந்த நெளிவை எல்லாம் அது சுரத்தோட அளவுல ஏத்திடுது. அரைக்கால், வீசம், புள்ளி வச்ச வீசம், அதுக்கு ஒரு முடிச்சு. அந்தத் தாளைப் பாடினவங்ககிட்டக் காட்டினா, அவங்க பாட்டையே அவங்களால அடையாளம் கண்டுபிடிக்க முடியாது.

டோரிகோவுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லணும். 2016ல வந்த, சுரம் எழுதுற மென்பொருள். அதுல தாளக்கணக்கே இல்லாத திறந்த கட்டம் வைக்கலாம், ஒவ்வொரு வரிக்கும் தனித்தனித் தாளமும் குடுக்கலாம். அம்பாவுக்கு இது ரெண்டும் வேணும். ஏன்னா எடுத்துக் குடுக்கிறவர் முடிக்கிறதுக்குள்ளயே வாங்குறவங்க ஆரம்பிச்சுடுறாங்க. ரெண்டு வரியும் வெவ்வேற நேரத்துல ஓடி, கயிறு இழுபடுற அந்த இடத்துல மட்டும் சேருது. அந்தச் சேருமிடத்தைக் குறிக்க ஒரு கோடு இருந்தா போதும்.

6 ஆகஸ்ட்

சுருதி விஷயம். நம்ம பக்கம் பாடகர் வந்து உக்காந்ததும் சொல்ற முதல் வார்த்தை ‘அஞ்சு கட்டை’, ‘ஒண்ணரைக் கட்டை’. நான் பாத்த எந்த ரெக்கார்டிங் மென்பொருள்லயும் சுரம் எழுதுற மென்பொருள்லயும் கட்டைங்கிற இந்தச் சுருதி அளவு இல்லை. மனசுக்குள்ள மாத்திக்கிறோம். 1 கட்டை சி, 2 டி, 4 எஃப், 5 ஜி. இது பழகினவனுக்குச் சுலபம். புதுசா வர்ற பையன் ‘அரைக்கட்டை இறக்கு’ன்னு கேட்டதும் 4ல இருந்து மூணரையைத் தேடுறான். கீபோர்டுல 3க்கும் 4க்கும் நடுவுல கறுப்புக் கட்டையே கிடையாது, மூணரைன்னு ஒண்ணு இல்லவே இல்லை. இதை மென்பொருள்தான் அவனுக்குச் சொல்லித் தரணும். ஒரு பெட்டியில ‘சுருதி: 5 கட்டை’ன்னு எழுதினா அது புரிஞ்சிக்கணும்.

அதைவிடப் பெரிசு ஒண்ணு இருக்கு. முளைப்பாரிக்குக் கும்மி கொட்டிப் பாடுற பெண்கள் சுருதிப்பெட்டி வச்சிக்கிறது இல்லை. ராத்திரி ஆக ஆக, ஆள் சேரச் சேர, சுருதி மெதுவா ஏறும். நாலு கட்டைக்குக் கொஞ்சம் மேல ஆரம்பிச்சு ஐந்தைத் தாண்டிடும். எல்லாரும் சேர்ந்தே ஏறுறதால பாட்டுக்குள்ள அபசுரம் கிடையாது. மென்பொருளுக்கு ஏ 440ங்கிற மேலைநாட்டுப் பொதுச் சுருதியிலயே கண்ணு, முதல் பாட்டு சரி, கடைசிப் பாட்டு தப்புன்னு சிவப்புக் காட்டும். ‘இந்த இடத்துல இதுதான் சட்ஜம் (ஆதார ச)’னு நான் தொட்டுக் காட்டணும், மீதியை அது அந்தச் சட்ஜத்துல இருந்து அளக்கணும். சட்ஜம் நகர்ந்தா அதுவும் கூடவே நகரணும்.

9 ஆகஸ்ட்

இன்னைக்குக் கொஞ்சம் நீளமா எழுதுறேன். ரொம்ப நாளா மனசுல கிடக்குற விஷயம் இது.

தமிழ்ல சுரம் எழுதணும்னா ச ரி க ம ப த நி. மேல் ஸ்தாயின்னா எழுத்துக்கு மேல புள்ளி, கீழ் ஸ்தாயின்னா கீழ புள்ளி. ஒரு அட்சரம் நீட்டினா கால்புள்ளி, ரெண்டுன்னா அரைப்புள்ளி. தாளத்தோட அங்கமான லகு, திருதம் முடியுற இடத்துல ஒரு கோடு, ஆவர்த்தனம் (தாளத்தோட ஒரு சுற்று) முடிஞ்சா ரெட்டைக் கோடு. நோட்டுப்புத்தகத்துல ஒரு சிறுமி பென்சிலால எழுதிடுவா. கணினியில எழுத உக்காருங்க, முதல் வரியிலயே முட்டும்.

காரணம் மெய்ப்புள்ளி. மேல் ஸ்தாயி சட்ஜத்துக்கு ச மேல புள்ளி வைக்கணும். தமிழ் விசைப்பலகையில ச மேல புள்ளி வச்சா அது ‘ச்’. கண்ணுக்கு ஒண்ணுதான். கணினிக்கு அது சுரமே இல்லை, வெறும் மெய்யெழுத்து. க, ம, ப, த நாலுக்கும் இதே கதி. ‘ரி’க்கும் ‘நி’க்கும் அதுவும் நடக்காது. உயிர்க்குறி ஏறின எழுத்துக்கு மேல மெய்ப்புள்ளி ஏறாது, பக்கத்துல ஒரு புள்ளிவட்டம் தனியா வந்து நிக்கும்.

யூனிகோடுல எந்த எழுத்தோடயும் சேர்ற பொதுப்புள்ளிகள் இருக்கு. மேல்புள்ளிக்குக் குறியெண் 0307, கீழ்ப்புள்ளிக்கு 0323. முறைப்படி அதைத்தான் போடணும். போட்டுப் பாத்தேன். நான் வச்சிருக்கிற தமிழ் எழுத்துருக்கள்ல பாதிக்கு அந்தப் புள்ளியை எங்க உக்கார வைக்கிறதுன்னு தெரியலை. ‘ரி’யோட கொக்கி வளைஞ்சு மேல போற இடத்துலயே புள்ளியும் போய் ஒட்டிக்குது. அச்சுல பாத்தா மை கொட்டின மாதிரி இருக்கு. கீழ்ப்புள்ளி அடுத்த வரியில இருக்கிற சாகித்தியத்துல (பாட்டு வார்த்தையில) இடிக்குது.

அதனால எல்லாரும் என்ன பண்றாங்க? படமா வரைஞ்சு ஒட்டுறாங்க. படத்தைத் தேட முடியாது, சுருதி மாத்த முடியாது, கண் தெரியாத மாணவருக்கு வாசிச்சுக் காட்ட முடியாது. தமிழ் எழுத்துரு செய்றவங்க யாராவது இதைப் படிச்சா ஒரே ஒரு வேண்டுகோள்: ஏழு சுர எழுத்துக்கும் மேலயும் கீழயும் புள்ளி உக்கார இடம் குடுங்க. ஏழே எழுத்து.

10 ஆகஸ்ட்

நேத்து எழுத்தைப் பத்தி மட்டும் சொன்னேன். உள்ளீடும் அப்படித்தான் இருக்கணும். 15வது மேளம்னு (72 தாய் ராகத்துல 15வது) தேர்ந்தெடுத்தா மாயாமாளவகௌளை. பிறகு நான் ‘ரி’ன்னு தட்டினா அது சுத்த ரிஷபம்னும், ‘க’ன்னா அந்தர காந்தாரம்னும் மென்பொருளே எடுத்துக்கணும். 29க்கு மாத்தினா அதே ‘ரி’ சதுஸ்ருதி ஆகணும். 72 மேளத்துக்கும் கணக்கு சுத்தமா இருக்கு, கணினிக்கு இதைவிடத் தோதான கணக்கு கிடைக்காது. மேலைநாட்டு ஐந்துகோடு ஒரு பக்கம், சுர எழுத்து ஒரு பக்கம், ஒண்ணுல திருத்தினா இன்னொண்ணு தானா திருந்தணும். எங்க ஊர்ச் சர்ச் பாடகர் குழுவுல கீபோர்டு வாசிக்கிற பையனுக்கு ஐந்துகோடு வேணும், வயலின் அக்காவுக்குச் சுரம் வேணும். இப்போ ரெண்டு தாள், ரெண்டு தடவை திருத்தம்.

ஆதி தாளத்தை நாலு ரெண்டு ரெண்டாப் பிரிச்சு வைக்க இப்பவே வழி இருக்கு. எடுப்புதான் இல்லை, அதாவது பாட்டு தாளத்துல எந்த இடத்துல ஆரம்பிக்குதுன்னு சொல்ற வழி. சமத்துக்கு (தாளத்தோட முதல் தட்டுக்கு) அரை இடம் தள்ளி ஆரம்பிக்கிற கீர்த்தனையில ஒவ்வொரு வரியும் அந்த அரை இடத்துலதான் பிறக்குது. மென்பொருள் வரியைச் சமத்துல உடைச்சு அடுத்த வரிக்குத் தள்ளுது. சாகித்தியம் நடுவுல வெட்டுப்படுது. எடுப்புல இருந்து எடுப்பு வரைக்கும் ஒரு வரின்னு சொல்ல ஒரு பொத்தான் வேணும்.

14 ஆகஸ்ட்

கமகம், அதாவது சுரத்தை அசைச்சு வளைச்சுப் பாடுறது. கேக்காம விடமாட்டாங்கன்னு தெரியும், பரமக்குடியில இருந்து கேட்டாச்சு.

தோடி ராகத்துல காந்தாரம் எடுத்துக்கங்க. புத்தகத்துல ‘க’ன்னு ஒத்தை எழுத்து. பாடும்போது குரல் ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் நடுவுல ஊஞ்சல் ஆடுது, காந்தாரம்னு ஒரு இடத்துல நின்னா அது தோடி இல்லை. இதை மிடியில போட்டா? 1983ல வந்த மிடி, கீபோர்டை மனசுல வச்சுச் செஞ்சது. சுருதி வளைக்க ஒரு சக்கரம், அதுக்கு 16,384 படிகள். நுணுக்கத்துக்குக் குறை இல்லை. அந்த வளைவு சேனல் முழுசுக்கும் விழுறதுதான் சிக்கல். ஒரே சேனல்ல சட்ஜத்தையும் பஞ்சமத்தையும் பிடிச்சுக்கிட்டுக் காந்தாரத்தை அசைச்சா மூணும் சேர்ந்து ஆடும். 2018ல மிடிக்கு எம்பிஇங்கிற கூடுதல் முறை வந்து ஒவ்வொரு சுரத்துக்கும் தனிச் சேனல் குடுத்தது. 2020ல வந்த மிடி 2.0 ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியா வளைக்க விடுது. அடிப்படை தயார்.

எழுதுற பக்கம்தான் காத்துக்கிட்டு இருக்கோம். ஒரு வெளிநாட்டு மென்பொருள்ல தோடி ஆலாபனை ரெக்கார்டிங்கைச் சுரமா மாத்தக் குடுத்தேன். ஒத்தைக் காந்தாரம் ரெண்டு வரி முழுக்க பொடிப்பொடிச் சுரமாச் சிதறி வந்தது. எனக்கு ‘க’ அப்படியே ‘க’வா இருக்கணும். அதுக்கு மேல குரல் போன வழி ஒரு கோடா வரையப்படணும். அந்தக் கோட்டைத் தேய்ச்சு நான் ஒரு குறியா மாத்திக்கணும்னா அதுக்கும் வழி வேணும்.

குறிக்குப் பஞ்சம் இல்லை. நம்ம பக்கத்து எட்டயபுரத்துலதான் 1904ல சுப்பராம தீட்சிதரோட ‘சங்கீத சம்பிரதாய ப்ரதர்சினி’ அச்சாச்சு. கம்பிதத்துக்கு நெளிகோடு, ஜாருவுக்குச் சாய்கோடு, ஸ்புரிதத்துக்கு மூணு புள்ளின்னு ஒவ்வொரு கமகத்துக்கும் குறி வச்சு, ஈய அச்சுல கோத்திருக்காங்க. அந்தக் காலத்து அச்சுக்கோப்பவர் கையால செஞ்சதை இன்னைக்கு ஒரு எழுத்துரு செய்ய முடியாதா? இசை எழுத்துருக்களுக்கு ஸ்மஃபிள்னு ஒரு பொதுத் தரம் இருக்கு. துருக்கி, அரபு, பாரசீகக் குறிகள் அதுல இடம்பிடிச்சாச்சு. நம்ம குறிகளும் அங்க போய்ச் சேரணும்.

குரல் போன கோட்டைப் பாக்க இப்பவே சோனிக் விஷுவலைசர், பிராட் ரெண்டும் இலவசமாக் கிடைக்குது. பார்சலோனா பல்கலைக்கழகம் ஒண்ணு நடத்தின காம்ப்மியூசிக் ஆய்வுல சென்னை ஐஐடியும் சேர்ந்து கர்நாடக சங்கீதத்துக்குன்னே நிறைய செஞ்சாங்க. ஆக, ஆராய்ச்சிக்கூடத்துல இருக்கு. தினசரி எழுதுற மென்பொருளுக்குள்ள வரலை.

15 ஆகஸ்ட்

ராமநாதபுரத்துல பாட்டு சொல்லிக்கொடுக்கிற ஒரு அம்மாகிட்ட மேல எழுதினதைக் காட்டினேன். அவங்க ஒரு கேள்வி கேட்டாங்க, அதுல இருந்து யோசிச்சுக்கிட்டே இருக்கேன். “அந்தக் கோடு யாரோட கோடு?” ஒரு பாடகர் ஒரு நாள் பாடினது. அதை அச்சடிச்சுக் குடுத்தா பிள்ளைங்க அதையே சித்திரம் வரையிற மாதிரி வரைவாங்க, ராகத்தைக் கேக்க மாட்டாங்கங்கிறது அவங்க கவலை. சேதுபதி அரண்மனை ஆதரவுல இருந்த பூச்சி சீனிவாச ஐயங்கார்கிட்ட அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் கத்துக்கிட்டது குருவோட உக்காந்துதானே.

நியாயம். அதனால என் விருப்பத்தை இப்படி மாத்திக்கிறேன்: கோடு தனி அடுக்கா இருக்கணும், வேணும்போது காட்டி, வேணாம்னா மறைக்கணும். ஒரே ‘க’வுக்கு மேல மூணு நாலு பாடகர் கோட்டை ஒண்ணுமேல ஒண்ணா வைக்க முடியணும். அப்போ எது ராகம், எது அந்தப் பாடகரோட கைவண்ணம்னு பிள்ளைங்களே பாத்துக்குவாங்க. அந்த அம்மாவுக்கு இது பிடிச்சிருந்தது.

16 ஆகஸ்ட்

கரண்ட். கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல எப்போ போகும்னு தெரியாது. ரெக்கார்டிங் ஓடும்போது ஒலி நேரா டிஸ்க்குல எழுதப்படுது, அது பிழைச்சுக்கும். சுரம் எழுதுறதுல கடைசியாச் சேமிச்சதுக்கு அப்புறம் போட்டது போகும். ஒவ்வொரு சுரமும் தட்டின கணமே சேமிக்கப்படணும். இதுல விவாதிக்க ஒண்ணுமில்லை.

21 ஆகஸ்ட்

வாத்தியங்களைப் பத்தி ரெண்டு பேர் கேட்டிருக்கீங்க.

1991ல ஜெனரல் மிடி 128 ஒலிகளைப் பட்டியல் போட்டது. 105 சித்தார், 112 ஷெனாய். நாதஸ்வரம் இல்லை, வீணை இல்லை. அதனால கோயில் திருவிழாப் பாட்டுக்கு மாதிரி போடுற பையன் இன்னைக்கும் 112ஐத்தான் அமுக்குறான். நாதஸ்வரத்தோட தொண்டை வேற, கனம் வேற. நல்ல ஒலித்தொகுப்பு காசு குடுத்தா இப்போ கிடைக்குது. ஆனா சுரம் எழுதுற மென்பொருளோட கூடவே வர்ற அடிப்படைத் தொகுப்புல இது இருக்கணும்.

தவிலுக்கு ஒலி மட்டும் போதாது. வலந்தலையில கூடு மாட்டின விரல், தொப்பியில கோல், ரெண்டும் ரெண்டு வரி. அதுக்குக் கீழ தகதிமி, தகிடன்னு சொல்லு வரணும். தாளவாத்தியக்காரர் ஐந்துகோட்டுல தலைகீழா நிக்கிற குச்சிகளைப் படிக்க மாட்டார், சொல்லைப் படிப்பார். சொல்லைத் தட்டச்சு செஞ்சா அடி தானா விழுற மாதிரி வேணும்.

பழைய கேசட்டுல இருந்து குரலைப் பிரிக்கிற மென்பொருளைப் பத்தியும். குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவைன்னு பெரும்பாலும் நாலு பெட்டிதான் அதுக்குத் தெரியும். ஏர்வாடி சந்தனக்கூட்டுப் பாட்டு ஒண்ணைப் பிரிச்சேன், தப்ஸ்ங்கிற தோல்வாத்தியம் பாதி டிரம்ஸ்லயும் பாதி பேஸ்லயும் கிடந்தது. நாதஸ்வரம் எப்பவும் குரலோடவே போய் ஒட்டிக்குது. ‘இது நாதஸ்வரம்’னு பத்து விநாடி தனியாக் கேக்க வச்சு, ‘இதைப் பிரி’ன்னு சொல்ல வழி வேணும். நம்மூர் மேளத்தை யாராவது சுத்தமா, வாத்தியம் வாத்தியமா ரெக்கார்ட் பண்ணித் திறந்த உரிமையில வச்சாத்தான் இது நடக்கும். கடல் ஓசை மாதிரி சமுதாய வானொலி பாம்பன்ல இருக்கும்போது இந்த வேலைக்கு ஊர்ல ஆள் இல்லைன்னு நான் நம்ப மாட்டேன்.

24 ஆகஸ்ட்

ஃபினாலேல எழுதி வச்ச சர்ச் பாட்டெல்லாம் என்ன ஆகும்னு பாம்பன் வாசகர் கேட்டார். 1988ல இருந்து வந்த, சுரம் எழுதுற மென்பொருள், 2024 ஆகஸ்ட்ல இனி வளர்க்கப் போறது இல்லைன்னு அறிவிச்சுட்டாங்க. கணினி ஓடுற வரைக்கும் திறந்து ஒவ்வொண்ணையும் மியூசிக்எக்ஸ்எம்எல்லா மாத்தி வச்சுக்கங்க. அது வெறும் எழுத்துக்கோப்பு, சுரம் எழுதுற பெரும்பாலான மென்பொருள்கள் படிக்கும். மாத்தினதும் தமிழ் வரிகளைச் சரிபாருங்க. ‘கண்’ணுங்கிற ஒரே அசையை ‘க’ ‘ண்’ணுன்னு ரெண்டு சுரத்துக்குக் கீழ வச்சு எழுதின பழைய கோப்புகள் நிறைய இருக்கு. பாடும்போது மெய் தனியா நிக்காது, முன்னால இருக்கிற உயிரோடதான் போகும். வரிகளை அசை பிரிக்கிற வேலையைத் தமிழுக்கு மென்பொருளே செய்யலாம், விதி தெளிவா இருக்கு.

இன்னொண்ணு, பாடகர் குழுவுல முக்கால்வாசிப் பேருக்குத் தாள் வர்றது போன்லதான். பிடிஎஃப்பைப் பெரிசாக்கினா வரி வெளிய போகுது. திரை அகலத்துக்கு வரி தானா மடியணும், தமிழ் வரி பெரிய எழுத்துல இருக்கணும். வேளாங்கண்ணி மாதா திருவிழாவுக்குக் கொடி ஏத்துற இந்த வாரம் முழுக்க நான் ஸ்கிரீன்ஷாட் வெட்டி வாட்ஸ்அப்புல அனுப்பிட்டிருக்கேன்.

30 ஆகஸ்ட்

உச்சிப்புளித் தம்பி, எல்லாத்துலயும் ஒண்ணே ஒண்ணு கேக்கச் சொன்னா எதுன்னு கேட்டீங்க. முதல் நாள் சொன்னதுதான்: பாடி முடிச்ச பிறகு கைத்தாளத்துல கட்டம் விழுறது, அது எழுதுற பக்கத்துக்கும் அப்படியே வந்து சேர்றது. அது வந்தா அம்பாவும் கும்மியும் ஆலாபனையும் உள்ள வந்துடும்.

ஆனா அதுக்குப் பெரிய ஆட்கள் உழைக்கணும். நாம இப்பவே தொடங்கக்கூடியது புள்ளி. மியூஸ்ஸ்கோர் சுரம் எழுதுற திறந்த மூல மென்பொருள், நிரல் கிட்ஹப்ங்கிற தளத்துல எல்லாரும் பாக்க இருக்கு, குறையை யாரும் எழுதலாம். ஏழு சுரம், மேல்புள்ளி, கீழ்ப்புள்ளி, புள்ளியில்லாதது, ஆக 21 வடிவம். மாயாமாளவகௌளை சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் சேர்த்து ஒரு சோதனைக் கோப்பு பண்ணி வச்சிருக்கேன். உங்ககிட்ட இருக்கிற தமிழ் எழுத்துருவுல அதைத் திறந்து, ‘ரி’யும் ‘நி’யும் எப்படித் தெரியுதுன்னு படம் எடுத்து எழுத்துரு பெயரோட இங்கயே போடுங்க. ஒழுங்காத் தெரியிற எழுத்துரு ஒண்ணாவது கிடைச்சா, எந்த இடத்துல புள்ளி உக்காருதுன்னு அதை வச்சே மத்தவங்களுக்குக் காட்டிடலாம்.